சொல்லலாகாச் சொல்லும் எள்ளலின் இலக்கும்: ‘ஜெர்மானியர்’ என்னும் தொலைக்காட்சி நகைச்சுவைப் பகுதி பெற்ற திறனாய்வு

முன்னுரை

நகைச்சுவை இலக்கியம் காலத்தால் விரைந்து மூப்படையும் இயல்புடையது. ஒரு தலைமுறையினர் வயிறு குலுங்கச் சிரித்த இடத்தில் அடுத்த தலைமுறையினர் முகம் சுளிப்பதும், முன்னோர் கவனியாது விட்ட இடத்தைப் பின்னோர் தேடிப் பிடித்து ஆராய்வதும் இயல்பு. இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் சான்றுகளுள் ஒன்று, பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் இரண்டாம் அலைவரிசையில் 1975 அக்டோபர் 24 அன்று ஒளிபரப்பான ‘ஜெர்மானியர்’ என்னும் அரைமணி நேரப் பகுதியாகும். ஜான் கிளீசும் கோனி பூத்தும் எழுதிய ‘ஃபால்டி டவர்ஸ்’ என்னும் சூழ்நிலை நகைச்சுவைத் தொடரின் முதல் வரிசையில் இஃது ஆறாவதும் இறுதியுமான பகுதி. 1975இல் ஆறும் 1979இல் ஆறுமாகப் பன்னிரண்டு பகுதிகளே கொண்ட இத்தொடரில், மிகுதியாகப் போற்றப்பட்டதும் மிகுதியாகத் தூற்றப்பட்டதும் இப்பகுதியே.

போற்றியவர்களும் தூற்றியவர்களும் கண்டது ஒரே படைப்பை. ஆயின் அவர்கள் விடை தேடிய வினா ஒன்றே: இங்கே சிரிக்கப்படுபவர் யார்? திறனாய்வாளர்க்குக் கருத்து வேறுபாடாக முடியும் இவ்வினா, மொழிபெயர்ப்பாளர்க்குத் தீர்த்தே ஆகவேண்டிய கடமையாக வந்து நிற்கிறது. இப்பகுதி பெற்ற வரவேற்பின் வரலாற்றை மொழியியல் நோக்கிலும் மொழிபெயர்ப்பு நோக்கிலும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பகுதியின் அமைப்பு

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரை நகராகிய டார்க்கியில் ஒரு சிறு விடுதி. உரிமையாளர் பேசில் ஃபால்டி (ஜான் கிளீஸ்). அவர் மனைவி சிபில் (புரூனெல்லா ஸ்கேல்ஸ்). பணிப்பெண் பாலி (கோனி பூத்). ஆங்கிலம் அரைகுறையாக அறிந்த ஸ்பானியப் பரிமாறுநர் மேனுவல் (ஆண்ட்ரூ சாக்ஸ்). விடுதியிலேயே நிலையாகத் தங்கியிருக்கும் முதிய படையலுவலர் மேஜர் கவன் (பல்லார்ட் பெர்க்லி). சிபில் சிறு அறுவை மருத்துவத்துக்காக மருத்துவமனையில் இருக்கும் வேளையில் ஜெர்மானிய விருந்தினர் வரவிருக்கின்றனர். மேஜரிடம் அச்செய்தியைச் சொல்லும் பேசில், பழையதை மன்னித்து மறக்கவேண்டும் என்கிறார். மேஜர் திகைக்கவே, மன்னித்ததாகப் பாவனையாவது செய்யவேண்டும் என்று திருத்திக்கொள்கிறார். பகுதியின் பிற்பாதி முழுவதும் இப்பாவனை குலையும் கதையேயாகும்.

தீ விபத்துக் குழப்பத்தில் தலையில் அடிபட்டு மருத்துவமனை சென்ற பேசில், அங்கிருந்து தப்பி, கட்டுப்போட்ட தலையுடன் விருந்தினரை உபசரிக்க வருகிறார். போரைப் பற்றிப் பேசவேண்டா என்று பிறரை எச்சரிக்கிறார். பின்னர் அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் போரே. விருந்தினருள் ஒரு பெண் அழுகிறார். அவரைச் சிரிக்கவைக்கும் நோக்குடன் பேசில் நாசிப் படையினரின் விறைப்பு நடையை நடித்துக் காட்டுகிறார். இவர்கள் எப்படித்தான் போரில் வென்றார்களோ என்னும் பொருள்பட ஒரு ஜெர்மானியர் வியப்பதுடன் பகுதி முடிகிறது.

முதற்கட்ட மதிப்பீடு

1974இல் தொடரின் எழுத்துப்படியைப் படித்த ஒலிபரப்புக் கழக மதிப்பீட்டாளர் ஒருவர், பழகிப்போன பாத்திரங்களின் தொகுப்பு என்று அதனை ஒதுக்கிக் குறிப்பெழுதியது பின்னாளில் பெரிதும் பேசப்பட்டது. ஆயினும் 1976இல் சிறந்த சூழ்நிலை நகைச்சுவைக்கான பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக்கழக விருதை இத்தொடர் பெற்றது. 1997இல் அமெரிக்காவின் ‘டிவி கைடு’ இதழ் எக்காலத்துக்குமான நூறு சிறந்த தொலைக்காட்சிப் பகுதிகளை வரிசைப்படுத்தியபோது ‘ஜெர்மானியர்’ பன்னிரண்டாம் இடம் பெற்றது. 2000இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் தயாரித்த நூறு சிறந்த பிரிட்டிஷ் நிகழ்ச்சிகளின் பட்டியலில் ‘ஃபால்டி டவர்ஸ்’ முதலிடம் வகித்தது. 

இக்கட்டத்துப் பாராட்டு பெரும்பாலும் கட்டமைப்பைப் பற்றியது. சிறு தவறு பெருந்தவறாக வளர்தலும், முன்னர் வைத்த பொருள் பின்னர் வெடித்தலும் கேலிநாடக மரபின் கூறுகள். 1900இல் வெளிவந்த ‘சிரிப்பு’ என்னும் நூலில் ஹென்றி பெர்க்சன், உயிருள்ளதன் மேல் எந்திரத்தன்மை படிவதே நகைக்கு ஊற்று என்றார். நிறுத்த விரும்பியும் நிற்கமாட்டாது ஓடும் பேசிலின் நாவை அக்கோட்பாட்டின் விளக்கமாகவே கொள்ளலாம். பேசிலின் நடை பற்றிப் பேசியோர் பலர்; மேஜரின் பேச்சைப் பற்றிப் பேசியோர் அக்காலத்தில் அரியர்.

நாப்பிழையும் இடக்கரடக்கலும்

மொழியியலார்க்கு இப்பகுதியின் மையம் உணவுக் கட்டளைக் காட்சியே. விருந்தினர் கேட்கும் எளிய உணவுகளைப் பேசில் திருப்பிச் சொல்லும்போது ஒவ்வொன்றும் போர்ப்பெயராகத் திரிகிறது. ‘ஹெர்ரிங்’ என்னும் மீன் ‘ஹெர்மன் கோரிங்’ ஆகிறது. இறாலைக் குறிக்கும் ‘ப்ரான்’, ஹிட்லரின் துணைவி ஈவா பிரவுனின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. குளிர்ந்த இறைச்சிக் கலவை, நேசநாட்டு அலுவலர்கள் சிறைவைக்கப்பட்ட ‘கோல்டிட்ஸ்’ கோட்டையின் பெயரைப் பெறுகிறது. ஒலி ஒப்புமையே ஒவ்வொரு திரிபுக்கும் வாயில். அடக்கிய எண்ணம் நாப்பிழையாக வெளிப்படும் என்று சிக்மண்ட் ஃபிராய்டு 1901இல் விளக்கிய கருத்துக்கு இக்காட்சி நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஓர் எண்ணத்தை அடக்க முயலும் முயற்சியே அதனை மீண்டும் மீண்டும் எழுப்பும் என்பதை டேனியல் வெக்னரும் உடனாய்வாளரும் 1987இல், வெள்ளைக் கரடியை நினையாதிருக்குமாறு பணித்த சோதனையால் காட்டினர். நாடகாசிரியர் இருவரும் அதே உண்மையை அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே மேடையாக்கிவிட்டனர்.

தமிழ் இலக்கண மரபு இக்காட்சியை வேறொரு கோணத்தில் காண உதவுகிறது. அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துக் கூறவேண்டும் என்பதைத் தொல்காப்பியம் அவையல்கிளவி என்னும் பெயரால் குறிக்கிறது. நன்னூல் அதனை இடக்கரடக்கல் எனத் தகுதி வழக்கில் அடக்குகிறது. தகாத பொருளைத் தகுந்த சொல்லால் மூடுவது இடக்கரடக்கல். பேசில் செய்வதோ அதன் தலைகீழ் வடிவம்: தகுந்த பொருளைத் தகாத சொல்லால் திறந்துவிடுகிறார். மேலும், இடக்கரடக்கலில் விலக்கப்படுவது சொல். இங்கே விலக்கப்படுவது பேசுபொருள். ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் உண்டு. ஒரு பேசுபொருளுக்கு மாற்று, மௌனம் ஒன்றே. மௌனம் காக்க இயலாதவன் மௌனம் காக்க முயல்வதே இங்கு நகைக்குக் காரணமாகிறது.

பெனலப்பி பிரவுனும் ஸ்டீவன் லெவின்சனும் 1978இல் வெளியிட்டு 1987இல் தனிநூலாக்கிய பணிவுக் கோட்பாடும் ஈண்டு நோக்கத்தக்கது. அக்கோட்பாட்டுக்கு ஆங்கிலத்தோடும் மெக்சிகோவின் செல்டால் மொழியோடும் கோவை மாவட்டச் சிற்றூர் ஒன்றின் தமிழ்ப் பேச்சும் தரவாக அமைந்தது. கேட்போரின் முகத்துக்கு ஊறு செய்யும் செயல்களைத் தணிக்கவே மக்கள் பணிவு உத்திகளைக் கையாள்கின்றனர் என்பது அதன் சாரம். பேசிலின் காட்சியில் தணிப்பு உத்தியே ஊறாக மாறுகிறது. விருந்தினர் போரை நினைவூட்டவே இல்லை. அவர்கள் நினைவூட்டிவிடுவார்களோ என்னும் அச்சமே அவரைப் பேசவைக்கிறது. பணிவு, எதிரிலிருப்பவரைக் கருதாது தன்னையே கருதும்போது அவமதிப்பாகிறது என்பதை இக்காட்சி நிறுவுகிறது.

தொடரின் தனிவாழ்வு

போரைப் பற்றிப் பேசாதே என்னும் எச்சரிக்கை நாடகத்தை விட்டு நீங்கி ஆங்கிலத்தில் ஒரு வழக்குத் தொடராக நிலைபெற்றது. எவரிடமும் எழுப்பக் கூடாத எப்பொருளையும் குறிக்க அது பயன்படுகிறது. பிரிட்டன் - ஜெர்மனி உறவின் வரலாற்றை 1890 முதல் ஆராய்ந்த ஜான் ராம்ஸ்டன் 2006இல் வெளியிட்ட தம் நூலுக்கு இத்தொடரையே தலைப்பாக்கினார். அதே ஆண்டில் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை ஒட்டி, இத்தொடரை உலகக் கோப்பைக்கு மாற்றியமைத்த பாடல் ஒன்றை ஜான் கிளீஸ் பாடி வெளியிட்டார்.

ஆயின் பெயர்ந்து சென்ற தொடர் தன் பொருளை முழுமையாக எடுத்துச் செல்லவில்லை. நாடகத்தில் எள்ளப்படுபவர், முப்பதாண்டுக்கு முன் முடிந்த போரை விடமாட்டாத ஆங்கிலேயர். போரை விடாது பற்றியிருப்போரைக் கேலிசெய்வதே தம் நோக்கம் என்று கிளீஸ் பலகாலும் கூறியுள்ளார். ஜெர்மானியர்களோ அங்கு இயல்பான, பொறுமையுள்ள மனிதர்களாகவே வருகின்றனர். பொதுவழக்கிலோ இத்தொடர், ஜெர்மானியரைக் கண்டால் போரைக் குறிப்பிட்டுச் சீண்டுவதற்கான உரிமைச்சீட்டாகவும் பயன்பட்டது. எள்ளலின் இலக்கு ஆங்கிலேயரிடமிருந்து ஜெர்மானியர்க்கு இடம்மாறியது. மேற்கோள் தன் சூழலை இழக்கும்போது முரண்நகை முதலில் உதிர்கிறது என்பதற்கு இதனினும் நல்ல சான்று அரிது. மேனுவலாக நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் 1930இல் பெர்லினில் பிறந்து, யூதரான தந்தையை உடைய குடும்பத்தோடு 1938இல் பிரிட்டனுக்குத் தப்பி வந்தவர் என்பதும் இங்குக் கருதத்தக்கது. போரின் உண்மையான பாதிப்பை அறிந்தவர், அந்நாடகத்தில் அதுபற்றி ஏதும் அறியாத பரிமாறுநராக நின்றார்.

மேஜரின் கூற்று

பகுதியின் முற்பாதியில், கதையோட்டத்துக்குத் தொடர்பில்லாத ஓர் உரையாடல் உண்டு. ஓவல் திடலில் இந்திய அணியின் ஆட்டத்தைக் காண ஒரு பெண்ணை அழைத்துச் சென்றதை மேஜர் நினைவுகூர்கிறார். அப்பெண் இந்தியர்களைக் கறுப்பினத்தார்க்குரிய ஓர் இழிசொல்லால் குறித்தாராம். மேஜர் அவரைத் திருத்தினாராம்: அச்சொல் மேற்கிந்தியத் தீவினர்க்கு உரியது, இந்தியர்க்குரிய இழிசொல் வேறு. கேட்போர் எதிர்பார்ப்பது அறத்தின்பாற்பட்ட திருத்தம். கிடைப்பது அகராதியின்பாற்பட்ட திருத்தம். விக்டர் ராஸ்கின் 1985இல் முன்வைத்து, பின்னர் சால்வத்தோரே அத்தார்தோவுடன் 1991இல் விரிவாக்கிய கோட்பாட்டின்படி, ஒன்றோடொன்று முரணும் இரு பொருட்சட்டங்கள் ஒரே பனுவலில் மோதுவது நகைச்சுவை. இங்கு மோதுபவை நயத்தக்க நாகரிகமும் இனவெறுப்பும். மேஜர் இழிசொல்லைத் திருத்துகிறார்; இழிவைத் திருத்தவில்லை.

2013 ஜனவரியில் மறு ஒளிபரப்பின்போது பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகம் இவ்வரிகளை நீக்கியது. 2020 மே மாதம் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த கிளர்ச்சிகளின்போது, அக்கழகத்தின் வணிகப் பிரிவுக்குச் சொந்தமான யூகேடிவி நிறுவனம் ஜூன் மாதத்தில் இப்பகுதி முழுவதையும் தன் இணையச் சேவையிலிருந்து விலக்கி, சில நாள்களுக்குள் எச்சரிக்கைக் குறிப்புடன் மீண்டும் சேர்த்தது. மூடத்தனமான கூற்றை, கேலிக்குரிய பாத்திரத்தின் வாயில் வைப்பது அக்கூற்றைப் பரப்புவதாகாது, அதனைக் கேலிசெய்வதேயாகும் என்று கிளீஸ் அப்போது வாதிட்டார். இத்தொடரின் மூன்று பகுதிகளை இணைத்து 2024இல் லண்டனில் மேடையேறிய நாடகத்தில் இவ்வரிகளை அவரே விலக்கினார்; முரண்நகையைச் சொல்லளவில் மட்டும் கொள்வோர் இருக்கிறார்கள் என்பது அவர் கூறிய காரணம்.

கிளீசின் வாதத்துக்கு மொழியியல் அடிப்படை உண்டு. பேசுவோன் என்னும் ஒற்றைக் கருத்தை எர்விங் காஃப்மன், ஒலிப்போன், இயற்றியோன், பொறுப்பேற்போன் என மூவகையாகப் பகுத்தார். இழிசொல்லை ஒலித்தவர் பெர்க்லி. இயற்றியவர் கிளீசும் பூத்தும். பொறுப்பேற்பவர் மேஜர் என்னும் கற்பனை மனிதர். மூவரையும் ஒருவராகக் கொள்வது பிழை. ஆயின் காஃப்மனின் பகுப்பு பேசுவோர் பக்கத்தையே விளக்குகிறது. கேட்போர் பக்கம் எஞ்சி நிற்கிறது. அமெரிக்கத் தொடர் ஒன்றின் வெறுப்பாளரான ஆர்ச்சி பங்கரைப் பார்வையாளர் எவ்வாறு கொண்டனர் என நீல் விட்மரும் மில்ட்டன் ரோக்கீச்சும் 1974இல் ஆராய்ந்தபோது, முற்சாய்வு மிக்கோர் அப்பாத்திரத்தைக் கேலிப்பொருளாகக் காணாது போற்றத்தக்கவராகக் காணும் போக்கினர் எனக் கண்டனர். எய்தவன் குறித்த இலக்கிலேயே அம்பு தைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இவ்விடத்தில் தமிழ் மெய்ப்பாட்டியல் மரபு ஒரு நுட்பமான கருவியைத் தருகிறது. தொல்காப்பியம் நகைக்கு எள்ளல், பேதைமை, மடன், இளமை என நான்கு நிலைக்களன்களைக் கூறும். உரையாசிரியர் பேராசிரியர் இவற்றுள் ஒவ்வொன்றையும் தன்கண் தோன்றுவது, பிறன்கண் தோன்றுவது என இரண்டாக்குவர். பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுதல் மற்றொன்று. மேஜரின் கூற்றைக் கேட்கும் ஆங்கிலேயர் அவர்தம் பேதைமை கண்டு பிறன்கண் நகுகின்றனர். அதே கூற்றைக் கேட்கும் இந்தியரோ எள்ளப்பட்டோராகவும் நகுவோராகவும் ஒருங்கே நிற்கின்றனர். ஆங்கிலத் திறனாய்வு பெரும்பாலும் ஆசிரியர் நோக்கம், ஒளிபரப்பாளர் பொறுப்பு என்னும் இரண்டையே பேசியது. இவ்விரட்டை நிலையில் நிற்பவரின் சிரிப்பு எத்தகையது என்னும் வினா அவ்விவாதத்தில் விளிம்பிலேயே நின்றது.

மொழிபெயர்ப்பாளரின் தீர்ப்பு

பிறமொழிகளில் இத்தொடர் பெற்ற வடிவங்கள் இவ்வினாவுக்கு நடைமுறை விடைகளாகும். மேனுவல் பார்சிலோனாக்காரர், அவர் செய்யும் ஒவ்வொரு குழப்பத்துக்கும் பேசில் கூறும் சமாதானமும் அதுவே. ஸ்பெயினில் இதனை எவ்வாறு ஒளிபரப்புவது? காஸ்டிலியக் குரல்மாற்றில் அவர் இத்தாலியராக்கப்பட்டார். பார்சிலோனாவையே தலைநகராகக் கொண்ட காட்டலோனியாவின் மொழியில் மெக்சிகோக்காரராக்கப்பட்டார். சொல் மாறியது, ஆனால் எங்கிருந்தோ வந்த அயலவர் என்னும் செயல்நிலை மாறவில்லை. ஜெர்மனியில் இத்தொடரைத் தழுவி 2001இல் ஒரு முன்னோட்டப் பகுதி எடுக்கப்பட்டது, தொடராக வளரவில்லை.

தமிழில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடங்கள் இரு தன்மையன. உணவுக் கட்டளைக் காட்சியில் தேவைப்படுவது ஒலித்திறன். ஹெர்ரிங் மீனும் கோல்டிட்ஸ் கோட்டையும் தமிழ்ப் பார்வையாளர்க்கு அயலானவை. ஆயின் பொய்ப் பரப்புரைக்கு மறுபெயராகக் கோயபல்ஸ் என்னும் பெயர் தமிழக அரசியல் மேடைகளில் வேரூன்றியுள்ளது. ஆகவே ‘கோழி வறுவல்’ என்பது ‘கோயபல்ஸ் வறுவல்’ எனத் தடுமாறினால் முதலெழுத்தொப்புமையும் பொருளும் ஒருங்கே அமையும். ‘முட்டை’ ‘முசோலினி’ ஆவதும் செவிக்கு இனிதே. ஆனால் அது விருந்தினரை விட்டு இத்தாலியைச் சுட்டுவதால் காட்சியின் குறி தவறும். ஓசை பொருந்தினும் இலக்கு பொருந்தாத மாற்று தள்ளத்தக்கது.

‘மியட்டன்’ போன்ற இடங்கள் இதனினும் கடியவை. வாடகைக்கு எடுத்தல் என்னும் பொருளுடைய இந்த ஜெர்மானிய வினையை, இறைச்சியைக் குறிக்கும் ‘மீட்’ என்னும் ஆங்கிலச் சொல்லாகப் பேசில் கேட்டுக்கொள்கிறார். விருந்தினர் நாடுவது வாடகைக் கார். பேசில் தருவது இறைச்சி பற்றிய விளக்கமும் மாட்டின் குரலும். இங்கு ஜெர்மானியச் சொல்லை அவ்வாறே நிறுத்தி, தமிழ்ச் செவிக்கு அது ‘மீட்டல்’ என்பதுபோல் ஒலிக்கச் செய்து, அடகு வைத்த பொருளை மீட்பதாகப் பேசில் கொள்வதாக அமைக்கலாம். இறைச்சி போகும்; மாட்டின் குரலும் போகும்; தவறாகக் கேட்டல் நிற்கும். காட்சி வேண்டுவது தவறாகக் கேட்டலையே.

மேஜரின் கூற்றில் தேவைப்படுவது ஒலித்திறன் அன்று, தீர்ப்பு. மூன்று வழிகள் எளிதில் தோன்றும். முதலாவது, இழிசொற்களை ஒலிபெயர்த்து அவ்வாறே தருதல். அவற்றின் வரலாற்றுச் சுமையை அறியாத செவிக்கு அவை வெறும் ஒலிகளாகவே நின்றுவிடும். இரண்டாவது, தமிழ்ச் சமூகத்தில் வழங்கும் சாதி இழிசொற்களைப் பதிலியாக்குதல். இது செயல்நிலையைக் காப்பதுபோல் தோன்றினும், கற்பனை மேஜரின் வாயிலிருந்து எழும் அம்பை இன்று உயிரோடிருக்கும் வேறொரு மக்கள்மேல் செலுத்துவதாகும். மூலத்தில் இல்லாத ஒருவரைப் புண்படுத்த மொழிபெயர்ப்பாளர்க்கு உரிமையில்லை. மூன்றாவது, வரிகளை நீக்குதல். நீக்கினால் மேஜர், மறதி மிக்க இனிய முதியவராகி விடுகிறார். ஒளிபரப்பாளர் சிலர் தேர்ந்த வழி இதுவே. ஆனால் அதனால் வெறுப்பு மறையவில்லை. வெறுப்பின்மேல் எழுந்த கண்டனமே மறைந்தது.

நான்காவது வழியும் உண்டு. இக்கூற்றின் நகை, இழிசொற்களின் ஒலியில் இல்லை. ஒன்றினிடத்தில் மற்றொன்றை வைத்துத் திருத்தும் செயலில் உள்ளது. ஆதலின் சொற்களை வெளிப்படையாகச் சொல்லாமல், திருத்தும் செயலை அயற்கூற்றாக நிறுத்தலாம். மேற்கிந்தியரை வைவதற்குரிய சொல்லை இந்தியர்மேல் வீணாக்கிவிட்டாளே, இந்தியரை வைவதற்குத் தனிச்சொல் இருக்கிறதே என்று மேஜர் உண்மையாகவே வருந்துவதாக அமைத்தால், இழிசொல் ஒலியாது. இழிவு மட்டும் தெளிவாகப் புலப்படும். தூய ஆங்கிலப் பயன்பாட்டில் அக்கறையுள்ள கனவானின் குரல் அவ்வருத்தத்தில் கேட்கவேண்டும். இஃது இடக்கரடக்கலின் பழைய நெறியைப் புதிய தேவைக்குப் பயன்படுத்துவதாகும். இவ்வழியிலும் இழப்பு உண்டு: செவியில் அறையும் அதிர்ச்சி குறையும். ஆயின் எள்ளலின் இலக்கு மேஜரே என்பது மாறாது.

முடிவுரை

‘ஜெர்மானியர்’ பகுதியின் வரவேற்பு வரலாறு, அப்பகுதியின் கதையையே ஒருவகையில் மீண்டும் நடித்துக்காட்டுகிறது. ஒரு பேசுபொருளை விலக்க முயன்ற பேசில் அதனையே பேசினார். சில வரிகளை விலக்க முயன்ற ஒளிபரப்பாளரால் அதுவரை பலரும் கவனியாதிருந்த அவ்வரிகள் உலகறிந்தவையாயின. முதற்கட்டத் திறனாய்வு பேசிலின் நடையில் கண்வைத்து மேஜரின் சொல்லைத் தவறவிட்டது; பிற்கட்ட விவாதம் மேஜரின் சொல்லில் கண்வைத்து அவரைப் படைத்தோரின் எள்ளலைத் தவறவிட்டது. இரண்டும் அரைப்பார்வைகளே.

நோக்கம் தூயது என்பதால் விளைவு தூயதாகிவிடாது. விளைவு தீயது என்று அஞ்சி நோக்கத்தையே அழிப்பதும் தீர்வாகாது. இவ்விரண்டுக்கும் இடையே ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வேண்டியவர் மொழிபெயர்ப்பாளர். என்ன சொல்லப்படுகிறது என்பதற்கு முன்னர், யார் யாரை நோக்கி யார் முன்னிலையில் சிரிக்கிறார் என்பதை அவர் கேட்டாக வேண்டும். அவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே அகராதி பயன்படும். அகராதியை மட்டும் நம்பித் திருத்துவோர், அறியாமலேயே மேஜரின் வேலையைச் செய்தவராவர்.